சட்டையில் ஏறிய படிப்பு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும். பக்கத்தில் இருந்தால்தான் காதில் விழுகிற கதை இது, சத்தம் போட்டுச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. ஒரு லாண்டரிக் கடை, ஒரு மழைக்காலம், பொருளாதாரம் படித்த ஒரு பெண், அவளைப் பெற்றுவிட்டு விழி பிதுங்கிப் போன இரண்டு பேர். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அப்போது வரவில்லை, நீங்களாவது சிரியுங்கள்.

நான் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே அந்தக் கடை. என் வீட்டுத் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே கொதிகலன் ஓடுவதால். முன்பக்கம் நீள மேசை, அதில் அப்பாக்காரர் நின்று தேய்த்துக்கொண்டே இருப்பார். பின்பக்கம் துவைக்கும் இயந்திரங்களும் தகரக் கொட்டகை நிறையக் கொடிகளும் அம்மாக்காரியின் ராஜ்யம். விடுதிகளின் படுக்கை விரிப்புகள், அலுவலகக்காரர்களின் வெள்ளைச் சட்டைகள், இவைதான் பிழைப்பு. துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றும் உண்டு. வெயில் காலத்தில் நன்றாக ஓடும், மழை பிடித்தால் படுத்துக்கொள்ளும். "இதுக்கும் வேலைக்குப் போற புருஷனுக்கும் வித்தியாசமே இல்ல," என்பாள் அம்மாக்காரி. அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. விரிப்புகள் காயாமல் புளித்த வாடை அடித்தது. மின்விசிறிகளை இழுத்து வந்து கொடிக்கு நேரே வைத்தார்கள். தேய்க்கிற சட்டையிலிருந்து ஆவி கிளம்பி அப்பாக்காரர் முகமே தெரியாது. பேச்சு மட்டும் கேட்கும்.

ஒரே மகள். கல்லூரியில் பொருளாதாரம். இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள். அந்தக் கல்லூரியில் ஒரு விதி. விடுமுறையில் எங்காவது போய்ப் பயிற்சியாக வேலை பார்க்க வேண்டும், கல்லூரி திறக்கும் நாளில் அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குத்தான் கடைசி வருடத்தில் ஆய்வுத் தாள். மற்றவர்கள் அதற்குப் பதிலாக வேறொரு பாடத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகலாம். மகளுக்கு ஆய்வுத் தாள்தான் வேண்டும். மேலே படிக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

வங்கிகளுக்கு எழுதினாள். காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எழுதினாள். ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஒரு பத்திரிகைக்கும் எழுதினாள். ஒருவரும் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு, காலர் காலராகத் துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு, அவ்வப்போது ஃபோனைப் பார்ப்பாள். ஃபோன் முழுக்கக் கஞ்சி.

"பாப்பா, எனக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லிடு," என்பார் அப்பாக்காரர், ஆவிக்குள்ளிருந்து. "பல்லுக்குப் படிச்சவன் பல்லைப் புடுங்கறான். சட்டத்துக்குப் படிச்சவன் வக்கீலாகறான். நீ படிக்கறதைப் படிச்சவன் என்னத்தம்மா புடுங்கறான்?"

"என்ன வேணா பண்ணலாம்ப்பா."

"அதான் பயமா இருக்கு."

"பேங்க்ல கடன் கேக்கறவங்க திருப்பிக் கட்டுவாங்களான்னு பாக்கற வேலை இருக்கு. இன்சூரன்ஸ்ல இருக்கு. ஆராய்ச்சி நிலையத்துல புள்ளிவிவரம் பாக்கலாம். பேப்பர்ல எழுதலாம். அரசாங்கத்துல திட்டம் போடற இடத்துல போலாம். டீச்சர் ஆகலாம்."

"பாரு," என்று பின்பக்கத்திலிருந்து அம்மாக்காரியின் குரல் வரும். "இத்தனை வாசல் வச்ச வீட்டுல எங்க மேடத்துக்கு மட்டும் ஒரு கதவு திறக்கல."

கோபம் வந்தால் மகளை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் மேடம்தான்.

துணி கொடுக்க வருகிறவர்கள் வேறு சும்மா போக மாட்டார்கள். நனைந்த குடையை மேசை மேல் வைத்துவிட்டு ஆளுக்கொரு யோசனை. "பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க." "பேங்கெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்குது, கணக்காளர் படிப்புல சேத்து விடுங்க." "எங்க மச்சினன் பையனும் இதே படிப்புதான், இப்ப பூச்செடி விக்கறான், நல்லா இருக்கான்." அப்பாக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் மகளிடம் அப்படியே ஒப்பிப்பார். மகள் அடுத்த காலரை எடுத்துக் கஞ்சியில் அமுக்குவாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். அப்பாக்காரரின் தம்பி, வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் ஆள் அனுப்புவார். அம்மாக்காரி அவருக்கு டீயும் அவித்த முட்டையும் வைத்தாள். மழையில் வந்தவர், பசி.

"இதுக்குப் போயா வீடே எழவு வீடு மாதிரி உக்கார்ந்திருக்கீங்க?" என்றார் முட்டையை உரித்துக்கொண்டே. "நம்ம கடைப் பேர்ல லெட்டர்பேடு இருக்கு, முத்திரை இருக்கு. கணக்குப் பிரிவில் பயிற்சி பெற்றார், நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். அடிச்சுக் கொடுத்துடறேன். நீ கடைப் பக்கம் வரவே வேணாம், கண்ணு. கிரீஸ் படிஞ்சுடும்."

"நான் வேலை பாக்கலையே சித்தப்பா."

"அதான் சொல்றேன், பாக்க வேணாம்னு."

"அப்புறம் ஆய்வுல என்ன எழுதுவேன்?"

"ஆய்வா? பிரேக் ஒயரைப் பத்தி எழுதேன்."

மகள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். சித்தப்பா அம்மாக்காரியைப் பார்த்தார். "அண்ணி, அவ கூடப் படிக்கற எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்க. உலகம் தெரியாம வளத்துட்டீங்க."

"நான் எங்க வளத்தேன் தம்பி? அதுவா வளந்துச்சு," என்றாள் அம்மாக்காரி, முட்டை ஓட்டைக் கையில் சேகரித்துக்கொண்டு.

அப்பாக்காரர் அன்று ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் விபரீதம் என்று எனக்கு மாடியிலிருந்தே தெரியும். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு அச்சகக்கார நண்பரிடம் போனார். என்ன செய்தார் தெரியுமா? தேய்த்த சட்டையை மடிக்கும்போது விறைப்பாக நிற்க, முதுகுப் பக்கம் ஓர் அட்டை வைத்து மடிப்பார்கள் அல்லவா? அந்த அட்டைகளில் மகளுடைய விவரத்தை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். பெயர், கல்லூரி, மதிப்பெண், ஃபோன் எண், 'பயிற்சி தேவை. அடக்கமான பெண்'. கடைசி இரண்டு சொல் அவரே சேர்த்தது. நம்மிடம் சட்டை கொடுக்கிறவர்கள் எல்லாம் ஆபீசர்கள், பிரித்துப் பார்த்தால் எவராவது ஒருவர் கூப்பிட மாட்டாரா என்பது அவருடைய கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. அட்டையை வைத்து மடித்தார், அடுக்கினார், இறுக்கிக் கட்டினார், வண்டியில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

லாண்டரியிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு மழை நினைவில்லை பாருங்கள். சட்டையெல்லாம் அரை ஈரம். மை அன்று காலையில்தான் ஏறியது. அச்சகக்காரர் நண்பராயிற்றே என்று மலிவு மையாகப் போட்டிருந்தார். கட்டு இறுக்கம் வேறு.

மறுநாள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவர் வாசலிலேயே திரும்பி நின்று முதுகைக் காட்டினார். வெள்ளைச் சட்டையில், தோளுக்குக் கீழே, மங்கலான நீலத்தில், இடவலம் மாறி, மகளுடைய முழு வரலாறும் ஏறியிருந்தது.

"என்னய்யா இது? ஆபீஸ் முழுக்க என் பின்னாடியே சுத்துது. நான் அடக்கமான பெண்ணாம். கண்ணாடில பாத்துட்டு ஒருத்தன் சொல்றான்."

அடுத்தவர் சட்டையைச் சுருட்டி மேசை மேல் எறிந்தார். அதற்கடுத்தவருடைய மனைவி ஃபோனிலேயே பிடித்துக்கொண்டாள், யார் அந்தப் பெண், அவள் நம்பர் எதற்கு என் வீட்டுக்காரர் முதுகில் இருக்கிறது என்று. மகளுடைய ஃபோன் அதுவரை அடிக்காத அடியெல்லாம் அடித்தது. மாதக் கணக்கில் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவளுக்கு எல்லா அழைப்பும் கறைக்காக.

அம்மாக்காரி முதலில் சட்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"துவைக்கறவன் கடைல கறை போட்டு அனுப்பியிருக்கீங்க."

"பிள்ளைக்காகத்தான்..."

"பிள்ளைக்காகவா? டாக்டர் வீட்டுல ஊசி குத்தினா தப்பில்ல, கத்தியால குத்துவாங்களா? இந்த மையை எதுல எடுக்கறது? சொல்லுங்க, எதுல எடுக்கறது!"

மகள் ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். தன் பெயரைத் தானே தேய்த்துத் தேய்த்து அழிப்பது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். ஃபோன் எண் சீக்கிரம் போனது. 'பொருளாதாரம்' மட்டும் போகவே இல்லை.

"படிப்பு தலையில ஏறுதோ இல்லையோ, சட்டையில நல்லா ஏறிடுச்சு," என்றாள் அம்மாக்காரி. அதற்கு மகள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அழுதாள். அப்பாக்காரர் அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டார்.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் அந்த அம்மாள் வந்தார். முழங்கால்வரை நனைந்த காலணி, தோளில் தடித்த பை, கழுத்தில் அடையாள அட்டை. மேசைப் பக்கம் வந்து நின்றதும் அப்பாக்காரர் கை கூப்பிவிட்டார்.

"அம்மா, எடுத்துடறோம்மா. ரெண்டு நாள் கொடுங்க. எந்தச் சட்டை?"

"என்கிட்ட சட்டை இல்ல. இன்னிக்குக் காலைல ஒரு மீட்டிங். எனக்கு முன்னாடி உக்கார்ந்திருந்தவர் முதுகுல படிச்சேன். திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டிப் படிக்கவே பாதி மீட்டிங் ஆச்சு. அந்த மீட்டிங்ல படிக்கறதுக்கு உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான். நம்பர்ல ரெண்டு எண் மடிப்புக்குள்ள போயிடுச்சு, அதான் எந்தக் கடைன்னு கேட்டு நேர்ல வந்தேன். யாரு அந்தப் பொண்ணு?"

மகள் பஞ்சைக் கொடுத்த கையோடு எழுந்தாள், ஸ்பிரிட் வாடையோடு.

அந்த அம்மாள் விலை சேகரிக்கிற பிரிவில் மேற்பார்வையாளர். கடை கடையாகப் போய் அரிசி என்ன விலை, சோப்பு என்ன விலை, முடிவெட்ட என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிற ஆட்களுக்குத் தலைவி. அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் விலைவாசி ஏறியதா இறங்கியதா என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லுவார்களாம்.

"மழைல நடப்பியா?" என்று மகளைக் கேட்டார்.

"நல்லா நடப்பாம்மா! சின்ன வயசுல ஓட்டப் பந்தயத்துல..." என்று அப்பாக்காரர் ஆரம்பித்தார்.

"நான் உங்களைக் கேக்கல."

"நடப்பேன்," என்றாள் மகள்.

"ஒரு காலைல என்னோட வா. உனக்கு ஒத்து வருதான்னு நீ பாரு, எனக்கு ஒத்து வருதான்னு நான் பாக்கறேன்."

போனாள். மதியம் திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஒரு செருப்பு அறுந்திருந்தது, முகம் கடுகடுவென்று இருந்தது. அம்மாக்காரி துண்டை எறிந்தாள். பருப்பும் சோறும் போட்டாள். முதல் கவளம் உள்ளே போனதும் ஆரம்பித்தாள் பாருங்கள், அந்த விடுமுறையில் அவள் அத்தனை பேசி யாரும் கேட்டதில்லை.

"பல்பு கடைக்காரன் என்னைக் கரண்ட் ஆபீஸ்னு நினைச்சுக்கிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிட்டான்ம்மா. மீன்காரம்மா, வாங்கறியா இல்லையா, வாங்கலன்னா ஏன் வாயைத் திறக்கறேங்கறாங்க. சலூன்ல விலை கேட்டா, யாருக்கும்மா வெட்டணும்ங்கறான். ஒருத்தர் ஒரு விலை சொன்னார், நான் எழுதினேன். பக்கத்துல ஒருத்தர் பேரம் பேசிக் கம்மியா வாங்கிட்டுப் போறார். மேடம் என்னைத் திட்டறாங்க, சொன்ன விலை எதுக்கு, கொடுத்த விலைய எழுதுன்னு. அப்ப நாம நின்னு பாக்கணும்ல? நின்னேன். நிக்கவிட மாட்டேங்கறான்ம்மா!"

"சாப்பிட்டுட்டுப் பேசு."

"போன வாரம் எந்த அரிசியோ அதே அரிசிதான் கேக்கணும். அது இல்லன்னா இல்லன்னு எழுதணும். இருக்கற மாதிரின்னு எழுதக் கூடாது. ஏன்னா..." சோற்றுக் கையை நீட்டி என்னென்னவோ விளக்கினாள். இருவருக்கும் பாதிக்குமேல் புரியவில்லை. சாப்பிட்ட கை காய்ந்தது. அம்மாக்காரி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேற்பார்வையாளர் மறுநாள் ஃபோன் செய்தார். வரலாம் என்றார். அப்பாக்காரர் தேய்க்கிற பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை தட்டினார். ஆனால் ஒன்று, என்றார் அந்த அம்மாள். இந்தச் சுற்று விலைக் கணக்கெடுப்பு முடியக் கல்லூரி திறந்தும் ஒரு மாதம் ஆகும். திறந்த பிறகு வகுப்பு முடித்து மாலையில் வந்தால் போதும். சுற்று முடிந்த பிறகுதான் சான்றிதழ்.

"முன்கூட்டியே ஒண்ணு கொடுக்க முடியாதா மேடம்? காலேஜ் திறக்கற அன்னிக்குக் கேக்கறாங்க."

"முடியாத வேலைக்கு முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. கேக்காத விலைய எழுதினா உன்னை வீட்டுக்கு அனுப்பறவ நான். நானே எப்படி எழுதறது?"

ஃபோனை வைத்ததும் அம்மாக்காரி விரிப்பைப் பிழிவதை நிறுத்தினாள்.

"இது என்ன கூத்து! ஒருத்தர் வேலை செய்யாமலே கொடுக்கறேங்கறார். இன்னொருத்தர் வேலை செஞ்சாலும் கொடுக்க மாட்டேங்கறார். நடுவுல நம்ம வீட்டுல ஒருத்தி, கொடுக்கறதை வாங்க மாட்டேங்கறா. நான் எங்க போய் முட்டிக்கறது? இந்த மிஷின்லயா?"

"ரெண்டையும் பண்ணேன் பாப்பா," என்றார் அப்பாக்காரர் மெல்ல. "சித்தப்பா பேப்பரைக் காலேஜுக்குக் கொடு. வேலைக்கு இங்க போ. யாருக்கு நஷ்டம்?"

மகள் பதில் சொல்லவில்லை. அம்மாக்காரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சித்தப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். சித்தப்பா மழையோடு மழையாகச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், முத்திரை பளபளக்க, பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு துளி படவில்லை. அதை அம்மாக்காரி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

கல்லூரி திறந்தது. மகள் கிளம்பினாள். உறை அங்கேயே நின்றது.

துறைத் தலைவர் அறை வாசலில் வரிசை. அவள் பிறகு சொன்னதை வைத்துத்தான் நான் சொல்கிறேன். ஒருவனுக்கு மாமாவின் பெட்ரோல் பங்க், ஒருத்திக்குப் பெரியப்பாவின் மருந்துக் கடை. அவர் வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். படிக்கவில்லை. அவளுடைய முறை வந்ததும் கையை நீட்டினார். கையில் ஒன்றும் விழவில்லை.

"எங்கம்மா?"

"வேலை கிடைச்சிருக்கு சார். சான்றிதழ் அடுத்த மாசம்தான் தருவாங்க. ஒரு மாசம் தேதி தள்ளிக் கொடுங்க சார்."

"தேதி என் வீட்டுக் காலண்டர்ல இல்லம்மா, மேல இருந்து வருது. வேற எதுவும் இல்லையா?"

"எங்க சித்தப்பா கடைல வேலை பாத்தேன்னு ஒண்ணு இருக்கு சார். ஆனா நான் பாக்கல."

துறைத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"அதை என்கிட்ட ஏம்மா சொன்ன?"

"கேட்டீங்களே சார்."

"பேப்பர் இருக்கான்னு கேட்டேன். உண்மையான்னு கேட்டேனா? சொல்லாம கொடுத்திருந்தா வாங்கி வச்சிருப்பேன். இப்ப நீயே கொண்டு வந்து கொடுத்தாலும் நான் வாங்க முடியாதே! இத்தனை வருஷத்துல ஒருத்தி வந்து இப்படி மாட்டி விட்டதில்ல என்னை. போ. ஆய்வுத் தாள் கிடையாது. வங்கியியல் எழுது."

அவள் நகரவில்லையாம். அவரும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். சொன்னாள். "அதையா? அது நல்ல வேலையாச்சே," என்றார், எரிச்சலோடு, அவள் ஏதோ அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு போனதுபோல. அவ்வளவுதான். விதி விதிதான். அடுத்தவனைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மறைக்கவில்லை. கீழே நடந்தது மாடியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தத் தெருவுக்கே கேட்டது.

"அதை ஏண்டி சொன்ன!"

"அவர் கேட்டாரும்மா."

"கேட்டா? கேட்டா சொல்லிடறதா? ரெண்டு வருஷமா ஆய்வு ஆய்வுன்னு என் உயிரை எடுத்த! உங்க அப்பா ஊர்ல இருக்கற முதுகுல எல்லாம் உன்னை ஒட்டினார்! உங்க சித்தப்பா கையெழுத்துப் போட்டார்! நான் வெட்கத்தை விட்டு அவரைக் கேட்டேன்! எல்லாத்தையும் ஒரே வாய்ல ஊதிட்டு வந்து நிக்கறா பாரு மேடம்!"

"எனக்கு மட்டும் வலிக்கலையாம்மா? எனக்குத்தானே போச்சு!"

அதற்குப் பிறகு இயந்திரம் மட்டும் சுற்றியது. அப்பாக்காரர் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், தீய்ந்த வாடை மேலே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகளுடைய குரல் கேட்டது, மூக்கு அடைத்த குரல். "நேரமாச்சு. மார்க்கெட்டுக்குப் போகணும்." குடை விரிகிற சத்தம் கேட்டது.

அவள் தெருமுனை திரும்பும்வரை அம்மாக்காரி கடை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், அரிசிப் பானைப் பக்கத்திலிருந்த உறையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். மாடியை அண்ணாந்து, துணைக்கு வா என்று எனக்கு ஒரு பார்வை. நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சித்தப்பா கடையில் ஆணியிலெல்லாம் வண்டிச் சங்கிலிகளும் டியூப்களும் தொங்கும். அம்மாக்காரி உறையை எண்ணெய்க் கறை படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"இது வேணாம் தம்பி."

"என்ன அண்ணி, கையெழுத்துப் போட்டதைத் திருப்பிக் கொடுக்கறீங்க? எனக்கு மரியாதையா இருக்கா இது?"

"இல்லதான்."

"அப்ப அவளுக்கு அந்தப் பாடம்?"

"போச்சு."

"போச்சுன்னு சொல்றீங்க! அடிச்சு அனுப்ப வேணாமா? ரெண்டு போட்டிருந்தா புத்தி வந்திருக்கும்."

"கை ஓங்கினேன் தம்பி. ஓங்கின கை அங்கயே நின்னுடுச்சு. பொய் சொன்னான்னா அடிச்சுத் திருத்தலாம். உண்மையச் சொல்லிட்டு வந்து நிக்கறா. அதுக்கு எப்படி அடிக்கறது? நீங்களும் ரெண்டு பிள்ளை வச்சிருக்கீங்க, தெரிஞ்சா சொல்லுங்க, போய் அடிக்கறேன்."

சித்தப்பா உறையை எடுத்துப் பார்த்தார். முத்திரையைக் கட்டை விரலால் தடவினார்.

"அப்படி என்ன வேலை அது?"

"விலை கேக்கறா."

"வாங்கறாளா?"

"வாங்க மாட்டா."

"வாங்காம?"

"கேட்டு எழுதிக்குவா. அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், அதே சாமானைக் காட்டி, திரும்பக் கேப்பா."

"பைத்தியமா அண்ணி?"

"நானும் அதையேதான் கேட்டேன். ஆமாம்மா, அதான் வேலைங்கறா."

சித்தப்பா தன் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். தொங்குகிற டியூப்களைப் பார்த்தார். அவர் சொல்கிற விலைக்கும் வாங்குகிற விலைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும், அது எல்லோருக்கும் தெரியும்.

"இங்கயும் வருவாளோ?"

"வந்தாலும் வருவா. வந்தா நிஜ விலையைச் சொல்லிடுங்க தம்பி. சித்தப்பான்னு பாக்க மாட்டா. தன்னையே பாக்கல, உங்களையா பாக்கப் போறா?" கிளம்பினாள். கடைக்கு வெளியே வந்து மழையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க இருந்துதான் வந்து வாச்சுதோ எனக்கு," என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள், எதிரே வந்த வண்டி ஒதுங்கிப் போனது.

இவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போங்கள், உங்கள் வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக் கொடியில் போட்ட துணி போட்ட அன்றே காயட்டும். உங்கள் பிள்ளைகள் எழுதுகிற இடத்திலிருந்து உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு பதிலாவது வரட்டும். அவர்கள் வெறுங்கையோடு வந்து நின்று மெய்யைச் சொல்கிற நாளில், ஓங்கின கை ஓங்கினபடியே நின்று, பிறகு இறங்கி அவர்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டும்.